பின்சக்கரங்களைப் பிரித்துவிட்டோம், மச்சான்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் சமமாக உரிய செல்வம் மச்சானே,

எங்கே இருக்கிறாய் என்று தெரியாத ஆளுக்கு எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் இருந்தால் என் தலை வெடித்துவிடும். நம்முடைய காருக்குப் பின்பக்கம் மாற்றியாகிவிட்டது. பின்சக்கரம் இரண்டுக்கும் இப்போது தனித்தனி சஸ்பென்ஷன். கேட்டாயா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து தெல்தெனிய வரை அந்தப் பழைய இங்கிலீசுக் காரில் போய் வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? கூரை இல்லாத இரண்டு சீட்டு வண்டி. ஒரே இரும்பு அச்சு இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்திருந்ததால், இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலதும் சேர்ந்து துள்ளும். வளைவில் அப்படித் துள்ளி வண்டியின் வால் ஒதுங்கும்போது நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்பேன். நீயோ பக்கத்து சீட்டில் இருந்து, "ரெண்டு காலையும் சேத்துக் கட்டிப்புட்டு ஓடச் சொன்னா மாடுகூட ஓடாதுடா. பாவம், வண்டி என்ன செய்யும்?" என்று எனக்குப் பரியாமல் காருக்குப் பரிந்து பேசுவாய்.

அதற்காகத்தானே பல்லேகலயில் மோதி நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றின் பின்பக்கத்தை அப்படியே கழற்றி வாங்கி வந்தாய். வெளியே வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்! குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாய். என் தங்கச்சி கலா, உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, அந்த இரும்பைச் சுற்றிச் சுற்றித்தான் சமைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இருதயத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது குசினியில் கிடந்த அந்த இரும்பைப் பற்றி நீ என் காதில் கேட்டது என்ன? "டிஃபரன்ஷியலுக்கு எண்ண பூசி வெச்சியாடா?" அடப்பாவி. அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

உன் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, கெலிஓயாவில் பாரூக் நானாவின் கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நானா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். புதிய பாகம் உட்கார வேண்டுமானால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை வெட்டியாக வேண்டும். அது நீ பற்றவைத்தது. கித்துள் பாணிப் பாகு வழிந்து உறைந்த மாதிரி ஒரு வெல்டிங். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், உனக்கு மட்டும் பெருமை. "வெட்டினாப் பொறகு பழையபடி ஆக்க ஏலா, தம்பி. வூட்டுல கேட்டுட்டு வாங்க," என்றார் நானா.

கேட்டேன். கலா என்னை முறைத்தாள். "அவரு கைபட்டது அந்தக் கார்ல அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் வெட்டப் போறீங்களாண்ணே?" நான் திரும்பி வந்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குமே வெட்ட மனம் வரவில்லை. அந்த வெல்டிங்கும் போனால் நீ போனது உறுதியாகிவிடும் என்று ஒரு பயம்.

மழைக்காலம் முழுக்க வண்டி அங்கேயே கிடந்தது. ஒருநாள் அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, வந்து இந்த இரும்பத் தூக்கிட்டுப் போங்க. காலையில எந்திரிச்சு அடுப்புக்கிட்ட வந்தா, இத மாட்டிப் பாக்காமலே போயிட்டாரேன்னுதான் அழுகை வருது. அவரு ஆசப்பட்டது இதுக்குத்தானே. வெட்டுங்க."

வெட்டினோம். நானா சட்டத்தை அறுத்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அழுதேன் என்று எழுத எனக்கென்ன வெட்கம்?

மாட்டிய அன்றைக்கு ஒரு கூத்து. வண்டி உயரத்தில் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அவசரக்காரன் நான் எல்லா நட்டுகளையும் இறுக்கிவிட்டேன். இறக்கினால், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! நானா தலையில் அடித்துக்கொண்டார். சக்கரம் தரையில் பட்டு, ஓடும்போது இருக்கிற பாரம் முழுக்க ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டுமாம். அந்த நிலையைத்தான் இணைப்புகளுக்குள்ளே இருக்கிற புஷ் என்கிற ரப்பர் வளையங்கள் பிடித்துக்கொள்ளுமாம். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, வண்டியை கராஜ் தரையில் வெட்டியிருந்த குழிக்கு மேலே தள்ளி நிறுத்தி, "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க," என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார். நம் இரண்டு பேரையும் சேர்த்தே பார்த்த பழக்கதோஷம். பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது.

நான் ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். உன் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வேறு யாரையும் கூப்பிட வாயும் வரவில்லை. "அரிசி மூட்டை ஒண்ணு வெச்சுக்கலாம் நானா," என்றேன்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த கலா, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

"மூட்டைய ஏத்துவீங்க, என்னைய ஏத்த மாட்டீங்க. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ரெண்டு பேரும் இதுல ஏறிப் போயிடுவீங்க, நான் வாசல்ல நின்னு கை காட்டணும். என்ன கார் இது, எனக்கொரு எடமில்லாம?"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். சீட் அவளுக்குப் பெரிதாக இருந்தது. முன்னால் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானா குழிக்குள் ஸ்பானரோடு காத்திருந்தார். "கொஞ்சம் அசையாம இருங்க, தங்கச்சி," என்று மட்டும் கடைசியில் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். நட்டுகள் இறுகின.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியவைத் தாண்டி, மலைப்பாதையில் அந்தப் பதினெட்டு வளைவு வரைக்கும் அவளைக் கூட்டிப்போகிறேன். நீ வந்திருக்க வேண்டிய பயணம், எனக்குத் தெரியாமலா? ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்தப் பக்கம் இனி கலாவின் பாரத்துக்குத்தான் வண்டி சரியாக நிற்கும். உன் உடம்புக்கு, நீயே எழுந்து வந்து ஏறினாலும் சாயும். உன் சீட்டை உன் ஞாபகமாகக் காலியாக வைத்திருக்க மாட்டேன், மச்சான். நான் இந்தக் காரை எடுக்கும் எந்த நாளும் என் தங்கச்சி வாசலில் நின்று கை காட்ட மாட்டாள். இது உன்மேல் சத்தியம்.

முதலில் உன் கூட்டாளி, கலா உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் மச்சான்,
ராஜன்