மீட்டர் பலகையை மூடிய ஊதாத் துணி

இண்டூர்,
தவக்காலத்து முதல் வெள்ளி.

அன்பு மகன் ஆண்டோவுக்கு, அப்பா பெரியநாயகம் எழுதுவது. நம் பழைய ஹெரால்டு காரின் மீட்டர் பலகையில் நான் மாதக்கணக்காகப் பாடுபட்டு வரவழைத்த சுருக்கத்தை, உன் தங்கை புருஷன் இனிகோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, பளபளவென்று கறுப்புப் பெயிண்டு அடித்து நாசம் செய்துவிட்டான். அதைக் காட்டிய வாட்ஸப் வீடியோவுக்கு நீ போலந்தில் இருந்துகொண்டு இதயம் போட்டாய். இவை இரண்டும் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். காதை மூடும் தொப்பி போடாமல் வெளியே போகாதே. உன் அறைக்கு எதிரிலேயே கோயில் இருக்கிறது என்று சொன்னாய், எதிரில் இருப்பது தெரிந்தது, நீ உள்ளே போகிறாயா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு இனிகோ கட்சி பேசுவாள். வாட்ஸப்பில் போட்டால் குடும்பக் குழுவில் இருப்பவர்கள் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்குவார்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் தூக்க முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். முதலில் சுருக்கம் என்றால் என்ன என்று தெரிந்துகொள், தெரியாமல்தான் இதயம் போட்டிருக்கிறாய் என்று நினைத்து மன்னிக்கப் பார்க்கிறேன். ஹெரால்டின் மீட்டர்கள் பதிந்திருக்கும் தகட்டுப் பலகை எண்ணெய்க் கறுப்பில், தொட்டால் சொரசொரவென்று, உலர்ந்த திராட்சையின் தோல் மாதிரி இருந்தது. அது பழசாகி வந்த சுருக்கம் இல்லை, வேண்டுமென்றே வரவழைத்தது, வெயில் பட்டால் ஓட்டுகிறவன் கண்ணில் மின்னக் கூடாது என்பதற்காக. அது ஆங்காங்கே பெயர்ந்து தகடு துருப்பிடித்ததால்தான் நான் கையில் எடுத்தேன். எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டவே யாரும் சொல்லித்தரவில்லை, எரிந்துபோன பம்பு மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றேன். இதையும் அப்படித்தான், வெள்ளைக்காரன் ஒருவன் வாயே திறக்காமல் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்துக் கற்றேன். சுருக்கப் பெயிண்டை கனமாக அடிக்க வேண்டும், குறுக்கே ஒரு பூச்சு, நெடுக ஒரு பூச்சு, கோணலாக ஒரு பூச்சு, காய்வதற்குள் சூடு காட்ட வேண்டும். அப்போது மேல்தோல் முந்திக்கொண்டு காயும், அடியில் ஈரம் இருக்கும், காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி தானாகச் சுருங்கும். சூட்டுக்கு என்ன செய்தேன் தெரியுமா, காயில் வார்னிஷ் காயவைக்கும் பல்பு பெட்டி இருக்கிறதே, அதற்குள் வைத்தேன். முதல் தடவை பெயிண்டு மெலிசு, சுருங்கவே இல்லை. அடுத்த தடவை ஒரு மூலை மட்டும் சுருங்கி, மற்ற இடம் சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை உன் அம்மா உள்ளே கொத்தவரை வற்றலையும் சேர்த்து வைத்துவிட்டாள், பலகை பூராவும் விதை. கடைசியில் வந்தது பார், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக வந்தது, நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதை மேசைமேல் ஆறவைத்துவிட்டு, மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிணற்று மோட்டார் வேலைக்குப் போனேன், வேலை இழுத்ததால் அங்கேயே தங்கிவிட்டேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை அது. இனிகோவும் பிளசியும் பிள்ளையோடு ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள். இனிகோவின் உத்தியோகம் உனக்குத் தெரியும், கம்பெனியில் பெயிண்டு அடித்து வரும் வண்டியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, ஒரு மயிரிழை சுருக்கம் இருந்தாலும் திருப்பி அனுப்புவது. அவன் என் மேசையைப் பார்த்திருக்கிறான். ஐயோ மாமா இவ்வளவு கஷ்டப்பட்டும் பெயிண்டு இப்படிச் சுருங்கிப்போச்சே, எங்க கம்பெனியில இது ரிஜெக்டுங்க அத்தை, என்று உன் அம்மாவிடம் சொல்லி உருகியிருக்கிறான். உன் அம்மாவாவது தடுத்தாளா, பாவம் மாப்பிள்ளை, அவருக்குத் தெரியாமயே சரிபண்ணி வைங்க, மனுசன் சந்தோஷப்படட்டும் என்று டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் ஞாயிறு மத்தியானம் வந்து இறங்கினால் வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள், பிளசி போனைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் படம் எடுக்கிறாள், பலகையை மாட்டி வைத்த காரின் கதவைத் திறந்து காட்டுகிறார்கள். மீட்டர் பலகையில் என் முகம் தெரிந்தது. மீசை நரை உட்படத் தெரிந்தது. அந்த வீடியோவைத்தான் அப்பா சந்தோஷத்துல பேச்சே வராம நிக்கறாரு என்று எழுதிக் குழுவில் போட்டாள், நீயும் இதயம் போட்டு சூப்பர் மச்சான் என்றாய்.

அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, இதை எழுதி வைத்துக்கொள். மறுநாள் காலை பாப்பாரப்பட்டிக்குப் போகலாம் என்று உன் அம்மா காரில் ஏறினாள், இனிகோவும் பின்னால் ஏறினான். ஊர் எல்லை வளைவில் திரும்பியதும் வெயில் பின்கண்ணாடி வழியாக வந்து பலகையில் அடித்து நேராக என் கண்ணுக்குள் இறங்கியது. வேகமும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை, தெரிந்தபோது வண்டி, ரோட்டோரம் பழம் விற்கும் அமுதவல்லியின் தர்பூசணிக் குவியலுக்குள் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்கு நன்றி. பழங்கள் ரோட்டைத் தாண்டி உருண்டு ஓடின. அமுதவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏனுங்க பெரியவரே, காரை நிறுத்திட்டுப் பழம் வாங்கறதுதானே எல்லாரும் செய்யறது, நீங்க காருக்கே ஊட்டி வுடறீங்களே என்றாள். உடைந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தோம். வெயிலுக்குக் குளிர்ச்சிதானே என்கிறாள் உன் அம்மா.

மத்தியானச் சோற்றில்தான் என் வாய் திறந்தது. நீ பாக்கறது பெயிண்டு வேலை இல்ல மாப்ள, நல்லா இருக்கறதைக் கெடுக்கற வேலை என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, உங்களுக்குப் பிடிக்கும்னு ராத்திரியெல்லாம் தேய்ச்சேனுங்க மாமா என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். பிளசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வூட்டுல ஒரு தகரத்துக்கு இருக்கற மரியாதை என் புருசனுக்கு இல்லையா என்று கேட்டாள், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்கள். பிள்ளை மட்டும் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அப்பா மன்னிப்பு கேட்டால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இண்டூர்க் கோயிலில், இல்லாவிட்டால் ஓசூரிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று பிளசி உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதல் பேரப்பிள்ளை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஹெரால்டில் ஏற்றிக்கொண்டு நம் கோயிலுக்குப் போவதாகப் பிறந்த அன்றே முடிவு செய்தது. ஞானத்தகப்பன் நீதான், டிக்கெட்டும் போட்டுவிட்டாய். எங்கே வந்து இறங்குவது என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம், என்னிடம் கேட்கவில்லை.

நான் மன்னிப்பு கேட்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பு கேட்டால் அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பலகையைப் பார்க்கச் சகிக்காமல், தவக்காலத்தில் கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்களே அப்படி மூடிவிட்டேன். கோயிலில் மூடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, நான் முந்திக்கொண்டேன். உன் அம்மா மிக்கேலம்மாள் தன் புது ஜாக்கெட் துணியைக் காணோம் என்று தேடுகிறாள், நீ சொல்லாதே. மூடுவதற்கு முன் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு தூசி ஒட்டவில்லை, மீட்டர் வளையத்தின் உள்விளிம்பைக்கூட விடாமல் அடித்திருக்கிறான். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக அவனிடம்.

இனி ஆகவேண்டியதைக் கேள். நீ முதலில் அந்த இதயத்தை எடு, எடுத்துவிட்டு, சுருக்கம்தான் சரி, பளபளப்பு தப்பு என்று குழுவில் தமிழில் எழுது. டிக்கெட்டை இண்டூருக்கு என்றே வைத்துக்கொள், ஓசூர்ப் பேச்சை எடுக்காதே. உன் அம்மா பல்பு பெட்டியிலிருந்து வற்றலை எடுத்துவிட வேண்டும், விதை உட்பட. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் இனிகோ இங்கே வர வேண்டும், அவன் அடித்ததை அவன் கையாலேயே தேய்த்து எடுத்து, குறுக்கே நெடுக கோணலாக அவனே அடிக்க வேண்டும். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன், இதற்கு நீ ஜாமீன். சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி என்று அவனிடம் நீயாகச் சொல்வது போலச் சொல், தவக்காலம்தான், ஞாயிறு பரவாயில்லை. பிளசி வரும்போது பிள்ளையையும் கொண்டுவர வேண்டும், அந்தப் பொத்தான் வைத்த சட்டையைத்தான் நான் போட்டிருப்பேன். ஞானஸ்நானத்தன்று ஊதாத் துணியை இனிகோதான் எடுக்க வேண்டும், சுருக்கம் வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வண்டியையும் அவன்தான் ஓட்ட வேண்டும், நான் இதுவரை யாருக்கும் சாவி கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் பிள்ளையைப் பின்சீட்டில் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், எனக்கு இருப்பது இரண்டு கைதான். நீ இன்று படுக்கப் போகும் முன் என் சார்பில் உன் நெற்றியில் நீயே ஒரு சிலுவை போட்டுக்கொள். இதயத்தை எடுத்துவிட்டுப் போடு.

அன்புள்ள அப்பா,
சூ. பெரியநாயகம்