வைக்கோல் போருக்குத் தீ வைத்தது யார்?

மேலப்பட்டி, அறந்தாங்கி வழி

அன்பு ஆத்தா ஹரிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு மாடுகள் உட்பட எல்லோரும் சுகம். நீ சுகம் என்று உன் வாயால் கேட்டு முப்பத்தெட்டு நாளாகிறது. அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டுகிறாயாமே, அப்பனுக்கு அதுகூடக் கிடையாது. போனைத்தான் எடுக்க மாட்டாய், காகிதத்தை என்ன செய்வாய் என்று, ஜெர்மனிக்குத் திரும்புகிற பீட்டர் சார் மகள் ஷர்லியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கோட்டைப்பட்டினத்து நெத்திலிக் கருவாடும் வருகிறது, ஏர்போர்ட்டில் யாராவது மூக்கைப் பொத்தினால் என் பெயரைச் சொல்லிவிடாதே என்று ஷர்லியிடம் சொல்லியிருக்கிறேன்.

“மூணு வருசமா ஒரே மேகத்தப் பாத்துக்கிட்டு இருக்கியே, மழையாச்சும் பெய்யுமா” என்று உன் விண்வெளி ஆராய்ச்சியை நான் கேலியாகக் கேட்டது தப்புதான். ரெங்கராஜ் மாமா முன்னால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது அதைவிடத் தப்பு. இப்போது எப்படிப் புத்தி வந்தது என்று கேள். அறுவடை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. “ரெண்டு நா வெயில்ல காயட்டுங்க” என்றாள் உன் அம்மா. யார் கேட்டது? ஈரத்தோடேயே போர் போட்டு மேலே தார்ப்பாயையும் போர்த்திவிட்டேன். பத்தாம் நாள் பார்த்தால் போரிலிருந்து புகை. பக்கத்து வீட்டு வீரய்யாவின் பீடிதான் காரணம் என்று தெருவே வேடிக்கை பார்க்க அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். “நான் பீடிய விட்டு ஆறு மாசமாச்சுண்ணே” என்றான் பாவி. பிரித்தால், வெளியே தீப்பட்ட தடமே இல்லை, நடுவயிறு மட்டும் கரியாகிக் கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. பாதிப் போரும் என் மீசையில் ஒரு பக்கமும் போயின.

அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் கொளுத்த வேண்டாம்ப்பா, அந்த மேகத்தில் இருக்கிற குளிர்ந்த வாயுவும் தூசியும் ஒன்றையொன்று இழுத்துக் கூடும், அதன் கனமே அதை அமுக்கும், அமுங்க அமுங்க நடுவில் சூடேறும், நட்சத்திரம் அப்படித்தான் தொடங்கும் என்றாய். நான் கொட்டாவி விட்டேன். வைக்கோல் ஈரத்தில் புழுங்கிச் சூடாவது வேறு கதை என்று திருத்துவாய், திருத்து, அதற்காகவாவது பேசு. உள்ளே நடக்கிற வேலை வெளியே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் இந்த மண்டையில் ஏறிவிட்டது. உன் மூன்று வருஷத்தையும் நான் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன், ஆத்தா.

வீரய்யாவிடம் அதே தெருவில் நின்று மன்னிப்புக் கேட்டாயிற்று. உன்னிடமும் கேட்கிறேன், ரெங்கராஜ் மாமாவை உட்கார வைத்து ஸ்பீக்கர் போட்டே கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடு, இது அம்மா சொன்னது. நல்லா இரு. அந்த மேகம் நட்சத்திரமாகப் பல லட்சம் வருஷம் ஆகும் என்றாயே, ஆகட்டும், அதற்கு அவசரமில்லை. எனக்கு அறுபத்தாறு நடக்கிறது. போனை எடு.

உன் ஒருபக்க மீசை அப்பன்,
உடையப்பன்