எங்கள் தறியின் நீலம்

செவ்வாய், இரவு.

கண்காட்சிக்கு என் நீர்வர்ண ஓவியம் போகவில்லை. என் வகுப்பு ரிஸ்னாவின் கடல் படம்தான் போகிறது. கைத்தறிக் கழிவு நூலைக் கஞ்சியில் தோய்த்து அட்டையில் ஒட்டி, தலைவாரும் சீப்பால் இழுத்தே அலை எழுப்பியிருக்கிறாள். டீச்சர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த நீலம் எங்கள் வீட்டுத் தறியின் நீலம். நான் தினமும் கூட்டி எறிகிற நூல்! உம்மாதான் அவளுக்குக் கொடுத்தாராம்.

மாலையில் ரிஸ்னா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“இன்னம் கொஞ்சம் நூல் இரிக்கா புள்ள? வானத்துக்குக் காணாது.”

“இல்ல புள்ள. எல்லாத்தையும் எரிச்சாச்சி.”

உம்மா தறியை நிறுத்தி என்னைப் பார்த்தார். ரிஸ்னா போன பிறகுதான் தறி மறுபடி ஓடியது.

நூல் பை என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இப்போது என் சீப்பெல்லாம் கஞ்சி. அலை மட்டும் வரவில்லை.