இரண்டு தட்டு, ஒரு தட்டு

பிப்ரவரி 9

மூத்தவனுக்கு அம்மா எழுதுவது.

உன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். கூடத்தில் உன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், அவன் அப்பா, அம்மா, பல் குத்திக்கொண்டே இருந்த அவன் தாய்மாமன். எதிரே நீ, உன் மனைவி, உன் மகள். சமையலறையில் நானும் உன் அத்தையும். மாடி அறையில் உன் தம்பி. வெளியே பூட்டு. சாவி உன் சட்டைப்பையில்.

"தம்பி வெளியூர்ல வேலையா இருக்கான்" என்று நீ சொல்லி வாய் மூடவில்லை, மேலே தட்டினான். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. சின்ன வயதில் நீங்கள் இருவரும் வைத்துக்கொண்டது. 'நான்தான், திற' என்று அர்த்தம்.

"மேல என்ன சத்தம்?" என்றார் தாய்மாமன்.

"பக்கத்து வீட்ல தச்சு வேலை" என்றாய். எழுந்து போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாய். அந்த ரேடியோவைப் பழுது பார்த்துக் கொடுத்தவனே அவன்தான்.

இப்போது அவனை மனநோயாளிகள் விடுதியில் சேர்க்க என் சம்மதம் கேட்கிறாய். தர மாட்டேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ், "புதன்கிழமை மருந்துக்கடை மாடியில நோயாளிங்களோட குடும்பத்துக்காரங்க கூட்டம் நடக்குது, நீங்களும் வாங்கம்மா" என்றாள். "எனக்கா நோய்?" என்று கேட்டேன். ஆனாலும் போகப் போகிறேன்.

அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி தெருமுனையில் நின்று சுவரோடு பேசிக்கொண்டிருந்ததையும், அவனைக் கூட்டிவரப் போய் நீ விழுந்து கை வீங்கியதையும் அத்தை எழுதியிருந்தாள். நீ ஒரு வரி எழுதவில்லை. உனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது? அந்த விடுதி நல்ல இடம் என்கிறார்கள். கூட்டத்தில் நாலு பேர் நம் வீட்டு விஷயத்தைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

அன்றைக்கு நான் செய்தது உன் பேத்தியின் வாழ்க்கைக்காக. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

உன் மகன்


மார்ச் 6

மூத்தவனுக்கு,

பூட்டை உன் அத்தை வாய்க்குப் போட்டிருக்கலாம். வீக்கம் வடிந்துவிட்டது.

கூட்டத்துக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஆடுகிற நாற்காலிகள். அங்கே ஒரு வழக்கம். குறை சொல்வதற்கு முன்னால், முடியாமல் இருப்பவர் அந்த வாரம் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பழைய பஸ் கண்டக்டர் எழுந்தார். "என் சம்சாரம் மாசக்கணக்கா பேசவே இல்லைங்க. இந்த வாரம் என்னைத் திட்டினா. காதுக்கு இனிப்பா இருந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை முப்பது வருஷத்துக்குச் சொல்வேன். பெற்ற பிள்ளை அந்த வாரம் செய்தது ஒன்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவனைக் கவனித்தேன். பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை நிமிராமலே சொன்னான்: "அண்ணா மேல கோவப்படாதம்மா. ரேடியோ சத்தத்துல அவனுக்குக் கேட்டிருக்காது."

நான் திருத்தவில்லை. கேட்டதா இல்லையா என்பதை நீ வந்து சொல்.

அம்மா


மார்ச் 17

அம்மா,

வருகிற புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் எதைச் சொல்வேன்? அவன் செய்வது ஒன்றுகூட எனக்குத் தெரியாது.


மார்ச் 29

மூத்தவனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது.

நீ வாசலில் நின்று இரண்டு தட்டு, ஒரு தட்டு தட்டியபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். வேண்டுமென்றேதான் எழுந்திருக்கவில்லை. அவன் போய்த் திறந்தான்.

கூட்டத்தில் உன் முறை வந்தபோது, "என் தம்பி இன்னிக்குக் கதவைத் திறந்தான்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். கண்டக்டர் உன் தோளில் கை வைத்தார்.

கீழே காத்திருந்த உன் தம்பியிடம், "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சுடா" என்றாய். அவன், "தெரியும்ணா. அம்மா தாங்க மாட்டாங்கன்னு அப்படிச் சொன்னேன்" என்றான். நான் அவனைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடுதிப் பேச்சை விட்டுவிட்டாய். மாதம் ஒரு புதன்கிழமை வருகிறேன் என்றாய். வா. தவறினால் அதையும் மறக்க மாட்டேன்.

பல் குத்திய தாய்மாமனை விட்டுவிட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்த உன் மனைவியை விட்டுவிட்டேன். அத்தையைக்கூட விட்டுவிட்டேன். உன் தம்பி உன்னை மன்னித்துவிட்டான், அது அவன் பாடு. அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் நான் மன்னிக்காதது ஒருவனைத்தான்: என் மூத்த பிள்ளையை.

அம்மா