மாமி கேட்ட ஜலம்

மாமி,

இன்றைக்குக் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்காகக் கோட்டூர்புரத்தில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரிதான். வெயிலில் வந்திருக்கிறோம் என்று உட்கார வைத்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம்தான் பெயர் கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "ஐயோ, நேத்துதாம்மா ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம். சொல்லவே மறந்துட்டேன் பாருங்க" என்றார். உள்ளே பெருங்காயம் பொரிகிற வாசனை. கையில் டம்ளர். வரவேண்டிய கோபம்கூட எனக்கு வரவில்லை. நீங்கள்தான் கண்முன் வந்து நின்றீர்கள்.

மயிலாப்பூர் வீட்டில் முன்போர்ஷன் உங்களுடையது, பின்போர்ஷன் எங்களுடையது. டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்ததும் குளித்து மடியாகத்தான் அடுப்பைத் தொடுவீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கும் என் அம்மாவுக்கும் எப்படித்தான் ஒட்டிக்கொண்டதோ! துணி உலர்த்துகிற சாக்கில் மாடியில் இருவரும் பேச ஆரம்பித்தால், துணி காய்ந்து மொடமொடத்துப் போகும், பேச்சு முடியாது.

நவராத்திரிச் சுண்டல் எங்களுக்கு வந்துவிடும். பெருநாளைக்கு அம்மா உங்களுக்குச் சமைத்த எதையும் அனுப்பமாட்டாள். வாழைப்பழம், பேரீச்சம்பழம், பிரிக்காத சர்க்கரைப் பொட்டலம், கொஞ்சம் பூ. நீங்கள் எங்கள் பக்கம் வந்தால் தண்ணீர்கூட நீட்டமாட்டாள். "குடிக்கிறதும் அவங்களுக்குச் சங்கடம், வேணாம்னு சொல்றதும் சங்கடம். நான் ஏன் அவங்கள மாட்டிவிடணும்?" என்பாள். உங்களுக்கும் அது தெரியும். "உங்கம்மா கெட்டிக்காரிடீ. என்னைப் பொய் சொல்லவே விடமாட்டா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை அது.

வீட்டுக்காரப் பெரியவர் காலமாகி வீடு அவர் மகன் கைக்கு வந்தது. பெயரைக் கேட்டுவிட்டு ஆளை மேலும் கீழும் பார்க்க ஊர் பழகியிருந்த சமயம். "காலி பண்ணிடுங்க பாய்" என்றார். அத்தா மாட்டேன் என்றார். அந்த மகன் கேஸ் போட்டுவிட்டார். கறி நாற்றம், கண்ட ஆட்கள் நடமாட்டம், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை. அந்த அக்கம்பக்கம் என்பது நீங்கள் ஒருவர்தான்!

எங்கள் வக்கீலுக்கு ஒரே குஷி. "இந்த மாமியே வந்து தொல்லை இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சது. இதைவிட ஆசாரமான சாட்சிக்கு எங்க போறது?" என்றார். அங்கேதான் நாம் எல்லோரும் ஏமாந்தோம்.

நெற்றியில் திருச்சூர்ணத்தோடு கூண்டில் ஏறி, கடவுள் மேல் ஆணையிட்டீர்கள். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார்.

"கறி வாசனை உங்க வீட்டுக்கு வருமா, வராதா?"

"வரும். என் ஆத்துப் பெருங்காயம் அவா ஆத்துக்குப் போகாதா என்ன? அவா கேஸ் போட்டாளா?"

கோர்ட்டே சிரித்தது. அந்த ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீங்க தினம் பெருமாளைச் சேவிக்கிறவங்க. ஆசாரம் பாக்குறவங்க. சரிதானே?"

"ஆமா. நான் யாரைச் சேவிச்சா உமக்கென்ன? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இவங்க வீட்டுல என்னைக்காவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

எங்கள் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி, பதில் வரட்டும் என்றுவிட்டார். நீங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தீர்கள். குடித்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சத்தியம் செய்தாயிற்றே.

"இல்லை."

"சத்தமா சொல்லுங்க."

"குடிச்சதில்லை."

"நீங்களே தண்ணி குடிக்காதவங்கள, என் கட்சிக்காரர் மட்டும் வீட்டுல வச்சுக்கணுமா?"

பின்பெஞ்சில் அம்மா எழுந்துவிட்டாள். "நான் கொடுத்ததே இல்லைங்க! கொடுக்காம எப்படிக் குடிப்பாங்க?" டவாலி வந்து உட்காரச் சொன்னார். அவளைக் கூண்டுக்கு யாருமே கூப்பிடவில்லை.

கேஸ் தோற்றது. தீர்ப்பில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை மாமி. வேறு என்னென்னவோ காரணம் எழுதியிருந்தார்கள். அத்தா உங்களிடம் வந்து அதைப் படித்தே காட்டினார். நீங்கள் நம்பவில்லை. மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டீர்கள். கொடியில் உங்கள் புடவை மட்டும் கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வக்கீலைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

நாங்கள் கே.கே. நகருக்குக் கிளம்பிய அன்று, சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் படி தாண்டி உள்ளே வந்தீர்கள். அம்மா அப்போதுதான் குடத்தைக் கவிழ்க்கக் கையில் எடுத்திருந்தாள்.

"ஜமீலா, ஒரு டம்ளர் ஜலம் குடு."

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "வேணாம் மாமி. அந்த ஆளு கேட்டான்னு நீங்க குடிக்க வேணாம்."

"அவனுக்காக இல்லடீ."

"தெரியும் மாமி. இருந்தாலும் வேணாம்."

இருவரும் அழுதீர்கள். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்கள் பக்கம் போய்விட்டீர்கள். எனக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு அப்படி இல்லை. கே.கே. நகர் போன பிறகு அடிக்கடி சொல்வாள்: "கொடுத்திருக்கணும். வாய்விட்டுக் கேட்டாங்க. என் ராங்கிதான் பெருசாப் போச்சு." போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் கிளம்பி வந்தோம். உங்கள் போர்ஷனில் வேறு யாரோ இருந்தார்கள். உங்களுக்கு வெளியூர் மாற்றலாம். நீங்கள் காலமான செய்தியே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது. இப்போது அம்மாவும் இல்லை.

கோட்டூர்புரத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மகள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "அவங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தப்புறமும் அந்தத் தண்ணிய ஏம்மா குடிச்சே? நானா இருந்தா அப்படியே வச்சிட்டு வந்திருப்பேன்."

நானும் அப்படி வைத்துவிட்டு வருகிற ஆள்தான். என் வாய் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் முடியவில்லை மாமி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

என் வீட்டுக்கு யார் வந்தாலும், குடிப்பார்களா மாட்டார்களா என்று யோசிக்காமல் முதலில் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். வேண்டாமென்றால் அது அவர்கள் பாடு. உங்களுக்குத்தான் வைக்காமல் விட்டுவிட்டோம்.