சிவப்பு அட்டையை வெட்டியது தொடர்பாக

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு மாணவியின் தகப்பன்,
தையற்காரர்,
பள்ளிக்கு எதிர்ச் சந்து, மாடிப்படிக்குக் கீழுள்ள கடை.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராத குற்றத்துக்காக என் மகளின் கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டியது, அதை நான் வெட்டியதால் அவளைப் பள்ளியை விட்டு நீக்குவது, அந்த நீக்கத்தை ரத்து செய்யக் கோருவது.

பார்வை: தலைமை ஆசிரியை அனுப்பிய நீக்க அறிவிப்பு (நகல் இணைத்துள்ளேன்).

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் முகம் தங்களுக்கு நினைவிருக்காது, என் கத்தரி நினைவிருக்கலாம். அந்த விவரம் ஆறாவது பத்தியில் வருகிறது. பொறுமையாக அதுவரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் மனைவி கண் மருத்துவமனையில் பார்வை அளவு எடுக்கும் வேலையில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். கூடிய மட்டும் குப்பை சேர்க்காமல் அவளை வளர்ப்பது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்தோம். கடையில் விழும் வெட்டுத் துண்டுகளை அடுக்கித் தைத்து இடுப்புத் துணி ஆக்கினேன். துவைத்துத் துவைத்து உள்ளங்கைத் தோல் உரிந்தது, ஆனால் கடையில் விற்கும் நாப்கின் ஒன்றுகூட எங்கள் வாசற்படி ஏறவில்லை. பொம்மை, புத்தகப் பை, மழைத்தொப்பி எல்லாம் என் மெஷினில் தைத்தவை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். என் அக்கா மகளுக்குச் சிறிதாகிப்போன கவுன்களைப் பிரித்து இவள் அளவுக்குத் தைத்துப் போடுவேன். இதனால் என் மைத்துனர் என்னைக் கஞ்சப் பிசினாறி என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் மீது இம்மனுவில் புகார் இல்லை.

2. மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியை அவள் பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பழைய ஜீன்ஸ் கால்களில் தைத்த பை. பக்கத்து அறை ஆசிரியைகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "உங்கள மாதிரி பேரன்ட்ஸ்தாங்க எங்களுக்கு வேணும்" என்று என்னிடம் சொன்னார். நான் பூரித்துப் போனேன். அந்தப் பையின் படம் பள்ளியின் விளம்பரப் பலகையில் இன்றும் இருக்கிறது. இனி பை மட்டும் பள்ளியில் இருக்கும், பைக்காரி இருக்க மாட்டாள் போலிருக்கிறது.

3. இந்த ஆண்டு 'பசுமை வாரம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சாக்கு நிறையக் காலி பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவர வேண்டும். அவற்றில் மணலை நிரப்பி வாசலருகே சுவர் எழுப்புவார்களாம். எங்கள் வீட்டில் தேடினாலும் ஒரு பாட்டில் கிடைக்காது. இருந்தும் நான் முரண்டு பிடிக்கவில்லை. பழைய பேப்பர் கடைக்காரரிடம் கேட்டு ஒரு சாக்கு வாங்கி, உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நசுங்கி இருக்கிறதாம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டையாம். சுவர் கோணிப் போகுமாம். எல்லாம் ஒரே அளவில், மூடியோடு, பளபளவென்று இருக்க வேண்டுமாம்.

4. ஒரே அளவில் பளபளவென்று காலி பாட்டில் எங்கே கிடைக்கும், ஐயா? புது பாட்டிலை வாங்கிக் காலி செய்தால்தான் கிடைக்கும். அதுதான் நடந்தது. பள்ளிக்கு எதிரே நோட்டு, பென்சில் விற்பவர் அவற்றை உள்ளே தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை வாசல் வரை அடுக்கினார். பெற்றோர் வாங்கினார்கள், மூடியைத் திருகினார்கள், நல்ல தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார்கள். தண்ணீர் பாட்டில் தீர்ந்ததும் ஆரஞ்சு பானத்துக்குத் தாவினார்கள். என் கடை வாசல் சாக்கடை ஒரு வாரம் ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. எறும்பு மொய்த்து, தைக்க வைத்திருந்த துணி வரை ஏறிவிட்டது. ஒரு அம்மா தன் மகனை, "சீக்கிரம் கொட்டுடா, பெல் அடிச்சிடப் போறாங்க, பூமியக் காப்பாத்த வேண்டாமா?" என்று அதட்டியதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

5. பாட்டில் கொண்டுவராத பிள்ளைகளுக்குக் கழுத்தில் சிவப்பு அட்டை. அதில் கொட்டை எழுத்தில் 'நான் பூமிக்கு உதவவில்லை'. காலை வணக்கத்திலிருந்து கடைசி மணி வரை கழற்றக் கூடாது, சாப்பிடும்போதும் கூடாது. அட்டை விழுந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் மறுநாளே கடைக்கு ஓடினார்கள். எஞ்சியது என் மகள் மட்டும். துணியில் பிறந்து துணியில் வளர்ந்த பிள்ளைக்கு வகுப்பில் 'குப்பைக்காரி' என்று பட்டப்பெயர். வீடு திரும்பும்போது என் கண்ணில் படாமலிருக்க அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் சாப்பிடும்போதுதான் கேட்டாள், "அப்பா, நான் பூமிய என்னப்பா பண்ணேன்?" என்று. வயிறு எரிகிறது, ஐயா. இதை அலுவலக நடையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. உங்க பொண்ணுக்காக சுவத்துல ஓட்டை விடவா?" என்றார். அவரைப் பற்றி இம்மனுவின் முதல் படியில் நான் எழுதியிருந்த வார்த்தைகளை என் மனைவி அடித்துவிட்டார். அவை இருந்த இடங்களிலெல்லாம் 'நிர்வாகம்' என்று வாசித்துக்கொள்ளவும்.

6. வார இறுதியில் சுவர்த் திறப்பு விழா. தாங்கள் தலைமை விருந்தினர். பெற்றோர் கூட்டத்தில் நானும் இருந்தேன். கடையிலிருந்து அப்படியே வந்ததால் கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் கத்தரி. அவை இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. ரிப்பன் கட்டியிருந்தார்கள், பூ வைத்திருந்தார்கள், தாம்பாளம் வைத்திருந்தார்கள், கத்தரியை மறந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியையே என்னைப் பார்த்து, "டெய்லர் அண்ணா, அந்தக் கத்தரியக் கொஞ்சம் குடுங்களேன்" என்றார். கொடுத்தேன். தாங்கள் அதில்தான் ரிப்பனை வெட்டினீர்கள். வெட்டிவிட்டு, "நல்லா கூரா இருக்கே" என்று பாராட்டி, என் கையில் திருப்பிக் கொடுத்தீர்கள்.

அடுத்துக் குழந்தைகளைச் சுவர் முன் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் மகளை அட்டையோடு சுவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். அவள் மறுபேச்சுப் பேசாமல் போனாள். அப்படிப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேரே நடந்து போய், அவள் கழுத்துக் கயிற்றை வெட்டி, அட்டையை நான்காக நறுக்கிக் கீழே போட்டேன். "என் பொண்ணா பூமிக்கு உதவல? நீங்க ஊத்தின தண்ணியப் போய்ப் பாருங்க" என்று உரக்கக் கத்தினேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துத் தாங்கள் கை தட்டினீர்கள்.

7. மூன்றாம் நாள் நீக்க அறிவிப்பு வந்தது. நான் 'கூரிய ஆயுதத்துடன் வளாகத்துக்குள் நுழைந்து' குழந்தைகளை மிரட்டினேனாம். மாத முடிவுக்குள் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். ஐயா, அது ஆயுதம் என்றால் அதை முதலில் பிடித்தவர் தாங்கள். அதைப் பிடித்துத் தாங்கள் ரிப்பன் வெட்டும் படம் பள்ளி நுழைவாயிலில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

8. ஆண்டு நடுவில் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. கேட்டுப் பார்த்துவிட்டேன். இவளுக்கு ஓர் ஆண்டு வீணாகும். அதைவிட, பூமியைக் கெடுத்ததற்காகத்தான் தன்னைத் துரத்துகிறார்கள் என்று நம்பத் தொடங்கிவிட்டாள். எழுத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு சாக்குப் புது பாட்டிலும் கொடுத்தால் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகம் ஆள் விட்டுச் சொன்னது. என் மகளும், "வாங்கிக் குடுத்துடலாம்பா, நான் ஊத்திடறேன்" என்கிறாள். விழாவில் கத்தியதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற என் பிள்ளைக்கு நான் சொல்லித்தர மாட்டேன்.

9. ஆகவே,
அ) நீக்க அறிவிப்பை உடனே ரத்து செய்ய வேண்டும்.
ஆ) எந்தப் பிள்ளையின் கழுத்திலும் இனி எந்த அட்டையும் தொங்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும்.
இ) சுவர்த் திறப்பு விழாவில் அந்தப் பள்ளிக்குத் தாங்கள் வழங்கிய 'பசுமைப் பள்ளி' கேடயத்தை என்ன செய்வது என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இம்மனுவைத் தள்ளுபடி செய்வதாக இருந்தால், அதற்கான காரணத்தை எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும் எளிய தமிழில் எழுதி அனுப்பவும். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை என் மகள்தான் பிரிப்பாள். வாய்விட்டுத்தான் வாசிப்பாள்.

நாள்: உறையின் மேலுள்ள தபால் முத்திரைப்படி.
இடம்: தையல் கடை.

இப்படிக்கு,
மாணவியின் தகப்பன்
(கையொப்பம்)

இந்த ஒரு முறை வார்த்தை எதையும் அடிக்காமல் ஒப்புக்கொண்ட
மாணவியின் தாய்
(கையொப்பம்)