சர்க்கரை டப்பா காலி

அடியே மகராணி,

டீ போடப் போனா சர்க்கரை டப்பா காலி. எலுமிச்சம்பழத்தையும் காணோம். எல்லாம் உன் கைக்குத்தானே போச்சு? ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சியே, கையில பொரிப்பொரியா இருக்கறதுல ஒண்ணாவது உதிர்ந்துச்சா? "தேய்க்காதே, குளிச்சதும் தேங்காய் எண்ணெய் தடவு, போதும்"னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. உனக்கு ஃபோன் வீடியோல எவளோ சொல்றதுதான் வேதம்.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. வெளிய போனா சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடு.

ஊருக்கே தைக்கிறவதான் நான். ஆனா நீ கையை மறைக்கறதுக்காக உன் சட்டைக்கு முழுக்கை வெச்சுத் தர மாட்டேன்.

அம்மா

இன்னொண்ணு: நேத்து கண்ணாடியைப் பார்த்து "சீ, அருவருப்பு"ன்னியே, பின்னாடி நான் நின்னுக்கிட்டிருந்தேன். என் கையும் அதே கைதான்டி. இன்னிக்கு அரைக்கைச் சட்டையிலதான் கடைக்குப் போறேன்.